வாழைப்பழத்தில் தொடங்கி மனிதரில் முடிப்பது எப்படி?

பந்திங், ஜெஞ்சாரோம், தெலுக் பங்ளிமா காராங் வட்டாரத்து மருத்துவ மாணவர்களே, வாழ்த்துகள். அறுவைப் பிரிவில் போஸ்டிங் தொடங்கிவிட்டது. அத்தை மாமாக்கள் இப்போதே உங்களை டாக்டர் என்று கூப்பிட்டு, முட்டிவலிக்கு மாத்திரை கேட்கிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு சின்ன வேலைதான்: காயத்தைத் தைக்கவும் நூலில் முடிச்சுப் போடவும் பழக வேண்டும். பழகாமலேயே பழகிவிட்டதாக ஆவதற்கு ஒழுங்கான முறை ஒன்று இருக்கிறது. அதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள். மீதியை நான் சொல்லித் தருகிறேன். வரிசை மாறாமல் செய்யுங்கள். பலன் உறுதி.

1. பெட்டியை வாங்குங்கள், திறக்காதீர்கள்

ஷோப்பியில் தேடுங்கள். சிலிக்கான் தோல், நீடில் ஹோல்டர், ஃபோர்செப்ஸ், கத்தரிக்கோல், ஒரு கத்தை நூல் பாக்கெட் எல்லாம் ஒரே ஜிப் பையில் வீட்டுக்கு வந்துவிடும். வந்த அன்றே படம் பிடித்து, "பயணம் தொடங்கியது" என்று ஸ்டோரி போடுங்கள். நூறு பேர் பார்த்தால் நூறு தையல் போட்ட கணக்கு.

அந்தச் சிலிக்கான் தோலில் காயங்களைக் கம்பெனிக்காரனே வெட்டி அனுப்பியிருப்பான். ஓரங்கள் பளிச்சென்று நேராக இருக்கும். ரத்தம் வராது, நகராது, "வலிக்குதுலா டாக்டர்" என்று கையை இழுத்துக்கொள்ளாது. கேரித் தீவில் செம்பனைக் குலை அறுக்கிற அரிவாள் வழுக்கி ஒருவருடைய முன்கையைக் கிழித்தால், அந்தக் காயமும் ஸ்கேல் வைத்து வெட்டியதாகத்தான் இருக்கும் என்று நம்புங்கள். நம்பிக்கைதானே மருத்துவத்தில் பாதி.

நூல் பாக்கெட்டில் 3-0, 5-0 என்றெல்லாம் போட்டிருக்கும். முதல் எண் கூடக் கூட நூல் மெலிகிறது; முகத்துக்கு 5-0 அல்லது 6-0, கைகாலுக்கு 4-0 அல்லது 3-0 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இதில் தலையைக் கொடுக்காதீர்கள். கைக்கு எது முதலில் அகப்படுகிறதோ அதுதான் சரியான நூல்.

பெட்டியை அலமாரிக்கு மேல், சாமி படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆயுத பூஜையன்று அம்மா சந்தனம் குங்குமம் வைப்பார். வருடத்தில் ஒரு நாளாவது யாரோ ஒருவர் அந்தக் கருவியைத் தொட்டதாக இருக்கட்டும்.

2. எதில் பழகுவது என்று ஆறு மாதம் யோசியுங்கள்

பொருள் தேர்வு முக்கியம். சுஸ்ருத சங்கிதையில் இதற்காகவே ஓர் அத்தியாயம் இருக்கிறது. வெட்டிப் பழகச் சுரைக்காய், வெள்ளரிக்காய். ரத்தக்குழாயில் துளையிட்டுப் பழக இறந்த விலங்கின் நாளமும் தாமரைத் தண்டும். உள்ளே சிக்கியதை வெளியே எடுத்துப் பழகப் பலாச்சுளைக்குள் இருக்கும் கொட்டை. தைத்துப் பழக மெல்லிய துணி, தடித்த துணி, மென்மையான தோல். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பொருள். எல்லா நூலும் படித்துத் தேர்ந்தவனானாலும் கையால் பழகாதவன் வேலைக்கு ஆகமாட்டான் என்பது அந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. சுஸ்ருதருக்கு வாட்ஸ்அப் இல்லை, நேரம் நிறைய இருந்திருக்கிறது. நமக்கு அப்படியா?

நம் ஊரில் கிடைப்பதைப் பார்ப்போம். சீனர் இறைச்சிக் கடையில் பன்றிக்கால் கிடைக்கும். தோலின் தடிமனுக்கும் கீழே உள்ள கொழுப்புக்கும் மனிதத் தோலுக்கு அருகில் வருவது அதுதான். ஆனால் உங்கள் குழுவில் முஸ்லிம் நண்பர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அது ஆகாது. மாட்டு நாக்கும் நல்ல பொருள். அது உங்கள் வீட்டுக்கு ஆகாது. கோழித் தொடை யாருக்கும் ஆகும் என்றாலும், குழுவில் சைவமான ஒரு தோழி இருப்பாள், அவள் மனசு நோகும். ஆகவே மத நல்லிணக்கத்தைக் கருதி எல்லோரும் எதிலும் பழகாமல் இருந்துவிடுவதே பண்பாடு. பல்லின நாட்டில் வளர்ந்ததற்கு இந்த அளவுகூட விட்டுக்கொடுக்காவிட்டால் எப்படி?

வம்புக்கென்றே ஒருவர் கோழித் தொடையைத் தோலோடு வாங்கி வந்தால், அவர் வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குசினி மேசையில் பிளாஸ்டிக் விரித்து உட்கார்ந்ததுமே அம்மா வருவார். "டேய், அது சம்பலுக்கு வாங்கின கோழிடா. கோழிக்குத் தையல் போட்டு அதை எழுப்பி விடப் போறியா?" என்பார். "படிக்கிறேம்மா" என்றால், "படிக்கிறவன் புத்தகத்துல படி. ஊசியைக் கோழிக்குள்ள விட்டுத் தொலைச்சே, நீதான் முழுங்கணும்" என்பார். கோழித்தோல் மெல்லியது. ஊசியை வளைவுக்கு எதிராக இழுத்தால் பட்டென்று கிழிந்து, நீங்கள் செய்த தப்பை அம்மா முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும். இப்படி ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு எவனாவது பழகுவானா?

எனவே வாழைப்பழம். பிசாங் மாஸ் ஒரு சீப்பு வாங்குங்கள். வாழைத்தோலும் கிழியும், உண்மைதான். ஆனால் கிழிந்த பழத்தைத் தின்றுவிட்டால் தடயமே இல்லை. இரண்டு பழத்தைத் தைத்து எட்டுப் பழத்தைச் சாப்பிட்டு எழுங்கள்.

3. கருவியைப் பிடிக்கும் முறை

நீடில் ஹோல்டரின் இரண்டு வளையங்களுக்குள்ளும் விரல்களை அடிவரை நுழைத்துக்கொள்ளுங்கள். பெருவிரலும் மோதிரவிரலும் நுனியளவே உள்ளே இருக்க வேண்டும், ஆள்காட்டி விரல் கருவியின் முதுகில் படிந்து வழிகாட்ட வேண்டும் என்பார்கள். அப்படிப் பிடித்தால் கை லேசாகிவிடும். லேசான கை உழைத்த கை மாதிரி தெரியாது.

ஊசியை எங்கே பிடிப்பது? முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி என்று எழுதியிருக்கும். நீங்கள் நூல் சேரும் கடைசி முனையில் பிடியுங்கள். அங்கேதான் ஊசி சீக்கிரம் வளையும். இல்லாவிட்டால் கூர்முனையையே பிடியுங்கள். ஊசி மழுங்கும், அடுத்த தையலுக்குக் கூடுதல் பலம் தேவைப்படும். அது புஜத்துக்கு நல்ல பயிற்சி.

இப்போது குத்துங்கள். ஊசி வில்லாக வளைந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தோலுக்குச் செங்குத்தாக உள்ளே போய், மணிக்கட்டைத் திருப்பத் திருப்ப அது தன் வளைவின் வழியே தானாக மறுபக்கம் எழும்பும். கை தள்ளக் கூடாது, திரும்ப வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் தையல் என்பது மணிக்கட்டின் வேலை என்று புரிந்துவிடும். அப்புறம் தோளிலிருந்து முழுக் கையையும் உபயோகிக்கிற சுகம் போய்விடும். ஆகவே தள்ளுங்கள். சாய்வாகக் குத்துங்கள். காயத்தின் ஒரு ஓரத்தில் ஆழமாகவும் மறு ஓரத்தில் மேலோட்டமாகவும் எடுங்கள். இரண்டு ஓரமும் ஒரே மட்டத்தில் சேராமல் படிக்கட்டாக நிற்கும். நோயாளிக்குத் தடவிப் பார்க்க ஒரு ஞாபகார்த்தம்.

4. முடிச்சு: இதில்தான் உங்கள் திறமை முழுவதும் இருக்கிறது

முதலில் ஒற்றைக் கை முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு கையால் போடும் முடிச்சு பாதுகாப்பானது, ஒவ்வொரு சுற்றும் கண்முன் தெரியும், தொடக்கக்காரர்களுக்கு அதுதான் என்பார்கள். ஆனால் அதைப் பார்த்து யாரும் வாயைப் பிளப்பதில்லை. ஒற்றைக் கையில் விரல் நடனமாடினால் கேன்டீனில் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும். முடிச்சு யாருக்காக என்பதில் தெளிவு வேண்டும்.

அடுத்து, திசை. முதல் சுற்றை ஒரு பக்கம் இழுத்தால் இரண்டாவதை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும்; கைகள் ஒன்றையொன்று கடக்க வேண்டும். அப்போதுதான் முடிச்சு தட்டையாகப் படிந்து பூட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே திசையில் போட்டால் பார்வைக்கு அதே முடிச்சுத்தான், இழுத்தால் வழுக்கும். நீங்கள் இதில் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள இப்போதே குனிந்து உங்கள் சப்பாத்தைப் பாருங்கள். கயிற்றின் வளையங்கள் சப்பாத்துக்குக் குறுக்கே கிடந்தால் சரியான முடிச்சு. நீளவாக்கில், விரலையும் குதிகாலையும் பார்த்துக் கிடந்தால், சின்ன வயதிலிருந்தே வழுக்கு முடிச்சில் தேர்ச்சி பெற்றிருக்கிறீர்கள். மாற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தும் அது உங்களுக்கு எதையும் சொல்லித்தரவில்லை என்றால், அதுதான் உறுதியான உள்ளம்.

எண்ணிக்கை? எல்லா நூலுக்கும் ஒரே எண்ணிக்கை. பட்டு நூல் பின்னிய நூல், முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். நைலானும் புரோலீனும் வழவழப்பான ஒற்றை இழை, பாக்கெட்டில் சுருண்டு கிடந்த வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும், அதனால் இன்னும் சில சுற்று கூடுதலாக வேண்டும். இந்த வேற்றுமையெல்லாம் பார்க்கக் கூடாது. எல்லாருக்கும் சமநீதி.

பழகும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்காலிக் கைப்பிடி, மேசை இழுவறைப் பிடி, காடியின் ஸ்டீயரிங் ஆகிய, கைக்கு எட்டும்படி வசதியாக நீட்டிக்கொண்டிருக்கும் பொருள்களில் மட்டும் முடிச்சுப் போடுங்கள். யாராவது காலி மைலோ டின்னின் அடியில் ஒரு கொக்கியை ஒட்டி, பக்கச் சுவரில் கை உரசாமல், கொக்கியை மேலே இழுக்காமல், ஆள்காட்டி விரல் நுனியால் முடிச்சை அடிவரை இறக்கிப் பழகச் சொன்னால் சிரித்து ஒதுக்குங்கள். வயிற்றுக்குள் முடிச்சுப் போட வேண்டிய நாள் வரும்போது வயிறே மேலெழும்பி உங்கள் கைக்கு வரும்.

5. வீடியோ பாருங்கள், இரண்டு மடங்கு வேகத்தில்

2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அறுவைக் கல்விப் பேராசிரியர் ரோஜர் நீபோன் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார்: மதிப்பெண்ணில் கெட்டிக்காரர்களாக வரும் மாணவர்களுக்கு வெட்டவும் தைக்கவும் கை வரவில்லை, சின்ன வயதில் கைவேலை செய்யாமல் திரையையே பார்த்து வளர்ந்துவிட்டார்கள் என்று. குறை என்று அவர் சொன்னதை நாம் பாடத்திட்டமாக எடுத்துக்கொள்வோம்.

படுத்துக்கொண்டு பாருங்கள். கையில் நூல் இருக்கக் கூடாது. இருந்தால் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிவரும். வீடியோவில் எதிரே உட்கார்ந்து முடிச்சுப் போடுபவரின் வலது கை உங்களுக்கு இடது பக்கம் தெரியும். அதை அப்படியே பதிந்துகொள்ளுங்கள்.

பிறகு ஒரு வருடத்துப் பயிற்சி முழுவதையும் தேர்வுக்கு முந்தைய இரவில் செய்யுங்கள். 2006இல் வெளியான டொராண்டோ ஆய்வு ஒன்று இதற்குக் குறுக்கே நிற்கிறது. அறுவை மருத்துவம் பயிலும் இளம் மருத்துவர்களில் ஒரு பாதிப் பேருக்கு நுண் ரத்தக்குழாய்த் தையலின் நான்கு வகுப்பையும் ஒரே நாளில் நடத்தினார்கள். மறு பாதிக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரம். ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரம் ஒன்றாகப் படித்தவர்களின் கையே தேறியிருந்தது. அவர்களுக்கு ஒரு மாதம் கழித்துச் சோதனை. உங்களுக்கு நாளைக் காலை. நாளை மறுநாளுக்கு இந்தத் தேர்ச்சி எதற்கு?

6. கை தெரிந்தவர்கள் பக்கம் போகாதீர்கள்

இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வட்டாரத்தில் ஆபத்து நாலாபக்கமும் இருக்கிறது.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் மாலைக் கடைகளைத் தாண்டும்போது வேகமாக நடங்கள். நின்றால் கெட்டீர்கள். பூக்கட்டும் அக்கா கடைக்கு வந்தவரோடு பேரம் பேசிக்கொண்டே, கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே, மல்லிகையை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, விரலால் ஒரு கண்ணி போட்டு, அதற்குள் விட்டு இழுத்துவிடுவார். கண் அங்கே இருக்காது. காம்பு நசுங்காது, பூ உதிராது. நூல் இறுக்கமாக இருக்கும், ஆனால் நெரிக்காது. மூன்றாம் ஆண்டிலிருந்து பேராசிரியர்கள் உங்களுக்குச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன அந்த இழுவிசையை அவர் ஒரு முழத்துக்கு எத்தனை தடவை சரியாகப் போடுகிறார் என்று எண்ண ஆரம்பித்தால் உங்கள் தன்னம்பிக்கை என்ன ஆவது? உங்கள் அம்மாவும் வெள்ளிக்கிழமை அதைத்தான் செய்கிறார். கோழிக்காகத் திட்டியவர் என்ற காரணத்துக்காகவாவது அவரிடம் கேட்காதீர்கள்.

பிரான்சில் ஒருவர் இந்தத் தப்பைச் செய்தார். 1894 ஜூனில் லியோன் நகரில் அந்நாட்டு அதிபர் சாடி கார்னோ கத்திக்குத்துப்பட்டார். கல்லீரலுக்குப் போகும் பெருநாளம் அறுந்திருந்தது. அறுந்த நாளத்தைத் தைத்துச் சேர்க்க அன்றைய அறுவை மருத்துவர்களுக்கு வழி தெரியவில்லை, அதிபர் இறந்தார். அதே ஊரில் இருந்த அலெக்ஸிஸ் கரெல் என்ற இளைஞர் அதை விதியென்று விடாமல், லெருடியே என்ற பூவேலைப்பாட்டு அம்மையாரிடம் போய் மெல்லிய ஊசியும் மெல்லிய நூலும் கையாளக் கற்றுக்கொண்டார். ரத்தக்குழாயைத் தைக்கும் முறையைக் கண்டார். 1912இல் நோபல் பரிசு வாங்கினார். மருத்துவம் படித்துவிட்டு ஒரு தையல்காரியிடம் கைகட்டி நின்றால் நம் வீட்டில் என்ன சொல்வார்கள்? பரிசெல்லாம் பிற்பாடுதானே வந்தது.

இன்னொரு ஆபத்து, அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவ உதவி அதிகாரி, எல்லோரும் எம்.ஏ. என்று கூப்பிடுகிறோமே, அவர். தோட்டங்களில் நம் தாத்தா பாட்டி "டிரெசர்" என்று அழைத்து, கைகால் கிழிந்தால் முதலில் ஓடிப்போய் நின்றார்களே, அந்த மரபில் வந்தவர். நம் நாட்டு அவசரப் பிரிவுகளில் பெரும்பாலான சாதாரணக் காயங்களைத் தைப்பது அவர்தான். இருபது வருடமாகத் தைத்த கை, வலிக்காமல் தைக்கிற கை. அவரிடம் "அண்ணே, ஒரு தடவை பக்கத்துல நின்னு பாக்கட்டுமா?" என்று கேட்டால் மறுக்க மாட்டார், நாற்காலியை நகர்த்திப் போடுவார். அதனால்தான் கேட்கக் கூடாது. டாக்டர் ஆகப் போகிறவர் கேட்கிற கேள்வியா அது?

7. இறுக்குங்கள்

தோல் வெளுக்கும்வரை இறுக்குங்கள். காயத்தின் ஓரங்கள் தொட்டுக்கொண்டால் போதும், நெரிக்கத் தேவையில்லை என்று புத்தகங்கள் மெதுவான குரலில் சொல்லும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் காயம் வீங்கும். இறுகிய நூல் வீக்கத்துக்கு இடம் கொடுக்காது. ரத்தம் ஓடாத ஓரம் கறுத்துச் சாகும். பிழைத்தாலும் குறுக்குக் கோடுகளோடு தழும்பு நிற்கும். நிற்கட்டும். ஓவியர் கையெழுத்துப் போடாமலா விடுகிறார்?

8. ஊசியை விரலால் எடுங்கள்

நேரம் மிச்சம். ஃபோர்செப்ஸால் எடுக்கவோ, வேலை முடிந்ததும் எண்ணிப் பார்த்து மஞ்சள் ஊசிப் பெட்டியில் போடவோ மெனக்கெடாதீர்கள். துணியின் மடிப்பிலேயே விட்டுவிடுங்கள். சுத்தம் செய்ய வரும் அக்கா கண்டுபிடித்துக்கொள்வார், கண்ணால் இல்லாவிட்டால் உள்ளங்கையால். உங்களுக்கே குத்திக்கொண்டால் யாரிடமும் சொல்லாதீர்கள். உடனே கழுவி, மேலதிகாரிக்குத் தெரிவித்து, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி என்று ரத்தம் சோதிக்கக் கொடுத்து, பிறகும் தொடர்ந்து சோதித்துக்கொள்வது ஏகப்பட்ட பாரம் நிரப்புகிற வேலை. பாரம் நிரப்புவதைவிடக் கவலைப்படுவது எளிது.

9. ஓஸ்கி செய்முறைத் தேர்வு

ரப்பர் கைக்கு வணக்கம் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அதனிடம் ஒப்புதல் கேளுங்கள். கையுறை போடுங்கள். இதற்குள்ளேயே பாதி மதிப்பெண் வந்துவிட்டது. பிறகு மூன்று தையல். மூன்றாவது முடிவதற்குள் மணி அடிக்கட்டும். அடித்ததும் "இன்னும் தொடர்ந்து செய்வேன்" என்று வாயால் தைத்து முடியுங்கள். தேர்ச்சி. அன்று மாலை குடும்பத்தோடு மோரிப் கடற்கரைக்குப் போய் இக்கான் பாக்கார் சாப்பிடுங்கள்.

10. முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பது

இனி நீங்கள் ஹவுஸ்மேன். இதுவரை பழகாததையெல்லாம் பழகுவதற்கு அரசாங்கமே சம்பளம் தருகிறது. ஆனால் யாரிடம் தொடங்குவது என்பதில் கவனம் வேண்டும்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் வழக்கறிஞர் நெற்றியைக் கிழித்துக்கொண்டு வந்தால் தொடாதீர்கள், சீனியரைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கண்ணாடியும் உண்டு, கடிதம் எழுதவும் தெரியும். உங்களுக்கு ஏற்றவர் இரவு மூன்று மணிக்கு, அவசரப் பிரிவின் கிரீன் ஸோனில், ஓர் ஓரத்து நாற்காலியில், பழைய டீசட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செம்பனைத் தோட்டத் தொழிலாளி. இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர். நம் தாத்தா ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. அவருக்கு வலியைச் சொல்ல மொழி போதாது, புகார் சொல்லத் துணிவு போதாது. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறதோ தெரியாது. இதைவிட நல்ல சிலிக்கான் தோல் உங்களுக்குக் கிடைக்காது.

விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டச் சொல்லி நரம்பும் தசைநாணும் அறுந்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்னால் தொட்டுக் கேட்காதீர்கள். பிறகு கேட்டால் மருந்தின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம். காயத்தைக் கழுவுவதற்குத் தைப்பதைவிட அதிக நேரம் ஆகும் என்று எம்.ஏ. சொல்லிக்கொண்டே இருப்பார். மேலே நனைத்து விடுங்கள். செம்பனை முள்ளின் முறிந்த நுனி உள்ளேயே இருந்தால் அது தன்னை ஒரு வாரத்தில் சீழாகத் தெரிவித்துக்கொள்ளும். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டார் என்று எந்த மொழியில் கேட்பீர்கள்? விடுங்கள்.

மரத்துப்போக லிக்னோகைன் போட்ட கையோடு தைக்க ஆரம்பியுங்கள். அது வேலை செய்யச் சில நிமிடம் ஆகும். உங்களுக்கு இன்னும் ஆறு பேர் காத்திருக்கிறார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்வார். "ஓக்கே? தா சாக்கிட்?" என்று கேளுங்கள். "ஓக்கே டாக்டர்" என்பார். அதைத்தான் நோயாளியின் ஒத்துழைப்பு என்று குறிப்பில் எழுத வேண்டும்.

11. தையல் பிரிக்கும் நாள்

முகத்துக்கு ஐந்து நாள், தலைக்கு ஏழு முதல் பத்து, கைகாலுக்குப் பத்து முதல் பதினான்கு. நீங்கள் அவரிடம் ஒரே நாளைச் சொல்லுங்கள், எது ஞாபகம் இருக்கிறதோ அது. நூல் முனைகளை முடிச்சோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். பிரிக்கிறவர் ஃபோர்செப்ஸால் பிடிக்க ஒன்றும் இல்லாமல் தோலைத் தோண்டித் தேடட்டும். முடிச்சுகளைக் காயத்தின் மேலேயே உட்கார வையுங்கள், ஒரு பக்கமாக ஒதுக்காதீர்கள். பொருக்கு மூடிக்கொள்ளும், தேடுவது இன்னும் சுவாரசியமாகும்.

அந்த நாளில் அந்தப் பக்கம் போகாதீர்கள். கிளினிக்கில் தாதி கட்டைப் பிரித்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார், பிறகு "யார் தைத்தது?" என்பார். தொழிலாளிக்கு உங்கள் பெயர் தெரியாது, "டாக்டர்" என்பார். நான்கு மாதத்துக்கு ஒரு பிரிவு, அடுத்த போஸ்டிங் மகப்பேறு. அங்கேயும் தைக்க வேண்டியிருக்கும். அலமாரிக்கு மேல் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று மட்டும் அம்மாவிடம் கேட்டு வையுங்கள்.